நீ எழுதி அனுப்பப்போகும் விலை

கண்ணு,

நீ மலை இறங்கிப் போன நாளிலிருந்து நம் வீட்டு வாசலில் ஆள் நிற்காத பொழுது இல்லை. யாரும் உன் சுகத்தை முதலில் கேட்பதில்லை. "தபால் வந்துச்சாக்கா?" என்கிறார்கள். இல்லை என்று சொன்னால் உடனே போகவும் மாட்டார்கள். பாயில் காயும் மிளகைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "பையன் மறந்துட மாட்டானே?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். கிளம்பும்போது நீ சொன்ன வார்த்தை அப்படி. வழியனுப்ப வந்த எல்லோர் முன்னாலும், "இனிமே வாரா வாரம் சேலத்து வெலையை எழுதிப் போடறனுங்க. அடிவாரத்துல சொல்றதை நம்பி யாரும் மூட்டையை எறக்க வேண்டியதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்குச் சேலத்து மண்டியில் வேலை கிடைத்த சந்தோஷம், நீ சொன்னாய். எனக்கும் அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீ வளைவில் மறைந்ததும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை. அடுப்பில் களியைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். என்னவென்று உன் அப்பா கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பு நடந்ததைச் சொல்லவேண்டும். அப்போது நம் ஊருக்கு விலை எப்படி வரும் என்று நினைக்கிறாய்? உப்பு கொண்டுவருபவர் ஒன்று சொல்வார். பலாப்பழம் பேச வருபவர் வேறொன்று சொல்வார். வளையல்காரர் இரண்டையும் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். கடைசியில் எது உண்மை என்பதை நமக்குச் சொன்னவர் அடிவாரத்து வியாபாரி நல்லமுத்துதான். வாங்குகிறவரே விலையும் சொல்வார். சந்தையில் மற்ற வியாபாரிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிக்கொள்வார்கள். பக்கத்திலேயே நின்றாலும் நமக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். பிறகு எல்லோரும் ஒரே விலையைச் சொல்வார்கள். அதைக் கேட்டு வேண்டாம் என்று திரும்பிவிடலாமே என்று நீ கேட்பாய். தலையில் மூட்டையோடு அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இறக்கிய மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு மலையேற முடியாது. அது நல்லமுத்துவுக்கும் தெரியும். நாம் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் தராசைத் தொடுவார்.

யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு மாசி மாதம். உன் அப்பா பாதி வழியில் வழுக்கி விழுந்து முழங்காலை மடக்கிக்கொண்டார். மூட்டையை விடவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கினார். நானும் இன்னொரு மூட்டையோடு பின்னால் வந்தேன். நல்லமுத்து மிளகை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "சேலத்துலயே இன்னிக்கி கேக்க நாதி இல்லீங்க. நம்ம பழக்கத்துக்காக எடுத்துக்கறேன்" என்றார். உன் அப்பா வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, சரி என்று தலையாட்டினார். எனக்கு அந்த ஆள்மீது கோபம் வந்திருந்தால் தேவலை. எனக்கு வந்தது சந்தேகமும் இல்லை, கோபமும் இல்லை. அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாமே என்றுதான் நினைத்தேன். நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை என்பதுதான் திரும்பி ஏறும்போது என்னை அரித்தது. பொய் சொல்கிறார் என்று தெரிந்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வீட்டில் இன்னும் மிளகு மீதி இருந்தது. அடுத்த தடவை மூட்டை இல்லாமல் இறங்கிப் போய் விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். உன் அப்பா சிரித்தார். "வெறுங்கையோட சந்தைக்குப் போறவளை என்னன்னு சொல்லுவாங்க?" என்றார். "என்ன சொன்னா என்னங்க, கழுத்து வலிக்காதில்ல" என்றேன். உன் அத்தை வெள்ளையம்மா அங்கேதான் இருந்தாள். அண்ணன் முன்னால் அதிகம் பேசாதவள், "நானும் வாரேன் அண்ணி" என்று கிளம்பிவிட்டாள். ஆளுக்கு ஒரு பிடி மிளகை முந்தானையில் முடிந்துகொண்டோம். அடிவாரத்தில் நல்லமுத்து எங்கள் தலையைப் பார்த்தார், பின்னால் யாராவது சுமந்து வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தார். "சரக்கு எங்கீங்க?" என்றார். "ஊட்டுல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தோம். நாங்கள் சந்தைக்குள் திரும்பாமல் பஸ் நிற்கும் பக்கம் போவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பெட்ரோல் கிடைக்காத காலம், அது கரிப்புகையில் ஓடும் பஸ். ஏற்றத்தில் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். சேலத்தில் வெள்ளையம்மாவின் கொழுந்தனார் ரோடு வேலையில் இருந்தார், அவர் குடிசையில் தங்கினோம். மறுநாள் மண்டிகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் யாரும் எங்களுக்கு விலை சொல்லவில்லை. "மூட்டை கொண்டாந்தா பேசலாம், தள்ளி நில்லும்மா" என்றார்கள். வண்டிகளுக்கு நடுவே எங்கே நின்றாலும் இடைஞ்சலாக இருந்தோம். அப்போது வெள்ளையம்மாவுக்குத்தான் அது தோன்றியது. "அண்ணி, விக்கறவளுக்குத்தானே சொல்ல மாட்டேங்கறாங்க. வாங்கறவளாப் போவோம்" என்றாள். ஒரு கடையில் போய், கல்யாணத்துக்கு மிளகு வேண்டும் என்றோம். உடனே உட்காரச் சொல்லி விலை சொன்னார்கள். அதிகம் என்றோம். இதற்கு மேல் குறைத்தால் தனக்குக் கட்டாது என்று கடைக்காரர் தான் வாங்கிய விலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு கடையில் கேட்டோம், ஏறக்குறைய அதே பேச்சு. பிறகு ஒரு மண்டியில் முந்தானையை அவிழ்த்துக் காட்டி, இந்த மாதிரி சரக்கு எங்கள் ஊரில் இருக்கிறது என்றோம். அங்கிருந்த கணக்குப்பிள்ளை ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்தால் என்ன தருவோம் என்று சொன்னார். நல்லமுத்து தந்ததற்கும் அதற்கும் இருந்த தூரத்தைக் கேட்டு வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த மனிதர் இன்னொன்றும் சொன்னார். "இது இன்னிக்கி வெலைம்மா. கொச்சியில இருந்து தந்தி வந்தா மாறிடும். நாளைக்கி என்னன்னு எனக்கே தெரியாது."

ஊருக்கு வந்து மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரிடமும் சொன்னேன். விலையையும் சொன்னேன், கணக்குப்பிள்ளை சொன்ன கடைசிப் பேச்சையும் சொன்னேன். வெள்ளையம்மாவும் சொன்னாள். ஆனால் கண்ணு, ஒரு வார்த்தை வாய் மாறும்போது அதன் வால் அறுந்துபோகிறது. விலை மட்டும் ஊர் ஊராக நடந்தது. மலையின் மறுபக்கம் குண்டூர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் ஏறியும் இருந்ததாம். அந்த வாரச் சந்தைக்கு மலையிலிருந்து ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. நல்லமுத்து மலைப்பாதை தொடங்கும் இடம்வரை வந்து நின்று பார்த்தாராம். அடுத்த வாரம் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி அனுப்பினார். நம் ஆட்கள் சிரித்தார்கள். ஏற்றுகிறார் என்றால் இன்னும் ஏற்றுவார் என்றார்கள். சேலத்துக்கு எல்லோரும் சேர்ந்து வண்டி பிடித்துக்கொண்டு போவது என்று பேச்சு நடந்தது. யார் முன்னால் நிற்பது, யார் சரக்கை முதலில் ஏற்றுவது என்று பேசிப் பேசியே நாள் போனது. உன் பெரியப்பாதான் எல்லோரையும்விட உறுதியாக இருந்தார். "அவ கண்ணால பாத்துட்டு வந்து சொல்றா. எதுக்கு அவசரப்படோணும்?" என்று என் பக்கம் நின்று பேசினார். அவருடைய மகள் பூங்கொடிக்கு அந்த வைகாசியில் கல்யாணம் பேசி வைத்திருந்தது. அந்த வருஷ மிளகை நம்பித்தான் அந்தக் கல்யாணம்.

அப்புறம் விலை விழுந்தது. பட்டாளத்துச் சாமான்களுக்கே ரயில் போதவில்லை, மண்டிகளில் மூட்டைகள் தேங்கிவிட்டன என்று சொன்னார்கள். எது காரணமோ, அது நமக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. நம் ஆட்கள் சேலம் போய் நின்றபோது, எனக்கு விலை சொன்ன அதே கணக்குப்பிள்ளை கையை விரித்தாராம். திரும்பி வந்து நல்லமுத்துவிடம் கேட்டால், அவர் முன்பு ஏற்றிச் சொன்ன விலையும் இல்லை, அதற்கு முன்பு சொன்ன விலையும் இல்லை. சிலர் கிடைத்ததற்கு விற்றார்கள். உன் பெரியப்பா விற்கவில்லை. மறுபடி ஏறும் என்று வைத்திருந்தார். சாரல் வந்தது, பரண்வரை ஈரம் ஏறியது, மிளகு பூஞ்சணம் பிடித்தது. பூங்கொடியின் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை, வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் அவளைத் தூரத்தில், அவளுக்கு விருப்பமில்லாத இடத்தில் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நான் போனபோது உன் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "நீ சொன்ன வெலையிலதாம்மா இந்தப் புள்ள வாழ்க்கை போச்சு" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா வீட்டில் நாம் ஏன் கை நனைப்பதில்லை என்று சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறாய். நான் ஏதேதோ சொல்லி மழுப்பினேன். காரணம் இதுதான்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். ஆனாலும் அந்தப் பெண்ணை நினைக்காமல் ஒரு மிளகு மணியை நான் காயவைத்ததில்லை. உண்மையைச் சொன்னாலும் ஒருவருக்குத் தீங்கு வரும் என்றால் என்னதான் செய்வது என்று வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். வாயை மூடிக்கொள்வதா? கொஞ்ச நாள் அதைத்தான் செய்தேன். பிறகு ஒரு சந்தை நாளில் வெள்ளையம்மா வந்து, "ஒருக்கா போனதாலதான் அண்ணி கெட்டுது. அடிக்கடி போவோம்" என்றாள். அவள் சொன்னது சரி. அதன்பிறகு பெண்கள் முறைவைத்துக்கொண்டு மூட்டை இல்லாமல் இறங்கினோம். எல்லோரும் சேலம்வரை போவதில்லை. ராசிபுரம் போவோம், நாமக்கல் போவோம். வாங்குகிறவளாக ஒருத்தி, விற்கிறவளாக ஒருத்தி. கேட்டதை வந்து கோயில் முன்னால் சொல்வோம். போன வாரம் கேட்டது என்ன, இந்த வாரம் கேட்டது என்ன என்று சேர்த்துச் சொல்வோம். ஒரு நாள் விலையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது ஏறிக்கொண்டு வருகிறதா, இறங்கிக்கொண்டு வருகிறதா என்பது பல நாள் கேட்டால்தான் பிடிபடும். நல்லமுத்துவும் மாறினார். நமக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்ததும், சேலத்து விலைக்கு ரொம்பத் தள்ளி அவரால் சொல்ல முடியவில்லை. உன்னை ராசிபுரத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்க முடிந்தது அதனால்தான்.

இப்போது இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நல்லமுத்து மலையேறி நம் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. வேர்த்து, மூச்சு வாங்கி, வாசலில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். அவரை அப்படிப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது, மறைப்பானேன். குடித்து முடித்துவிட்டு, "தம்பிக்கு மண்டியில வேலை கெடச்சுது, சந்தோசமுங்க. நாலு தலைமொறையா அந்த மண்டிக்குத்தான் நாங்க சரக்குப் போடறோம்" என்றார். நான் காலிச் செம்பை வாங்கி வைத்தேன். "தம்பி வெல எழுதிப் போடறதாச் சொல்லிட்டுப் போயிருக்கறாராம். எழுதட்டுங்க. ஆனா எழுதறதை ஒரு நாள் பொறுத்து எழுதச் சொல்லுங்க. கொஞ்சம் கொறச்சே எழுதுனாலும் யாருக்கும் தெரியப்போறதில்லை. மண்டி வெல வெளிய போவுதுன்னு மொதலாளி காதுல விழாம இருந்தா தம்பிக்கு நல்லதுதானே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஏதோ உறவுக்காரர் புத்தி சொல்வதுபோல் சொன்னார். "உங்களுக்கு என்னங்க சொல்றது" என்றேன். "எதுவும் சொல்ல வேண்டாமுங்க. தம்பிக்கு எழுதுனாப் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உன் அப்பா எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பேசாம பையனை ஒண்ணும் எழுத வேண்டாம்னு சொல்லிடு" என்றார். "ஊருக்கு என்னங்க சொல்றது?" என்றேன். "வேலை சாஸ்தி, நேரமில்லைன்னு சொல்லு. இப்பத்தான் போய்ச் சேந்திருக்கறான். அவன் பொழப்பைக் கெடுத்துடாதே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் ரேஷன் முடியவில்லை, வேலை போனால் இன்னொரு வேலை எங்கே இருக்கிறது? அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிளகைப் புரட்டினேன், புரட்டியதையே மறுபடி புரட்டினேன். நீ எழுதாவிட்டால் ஊர் உன்னை ஏசும். குறைத்து எழுதினால் நீயே உன்னை ஏசிக்கொள்வாய். உள்ளபடி எழுதினால் வேலை போகும், போகாவிட்டாலும் ஒரு நாள் அந்த விலை விழும். அப்போது யாராவது ஒரு தகப்பன் வாசலில் வந்து நின்று உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுமைக்குக் கீழே உன் கழுத்துத்தான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தபோது நல்லமுத்து வந்ததையும் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். "இனி என் பையன் எழுதற வெல நேராவும் வரலாம், கோணலாவும் வரலாம். அவன் கோணலா எழுதறவன் இல்லை. ஆனா எழுத வெக்கறதுக்கு ஆள் இருக்குது. அதனால அவன் எழுதறதை மட்டும் நம்பி யாரும் சரக்கை வெச்சிருக்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்" என்றேன். சொல்லி முடித்ததும் ஒரே சத்தம். அப்படியானால் என்ன செய்வது, பையனைப் படிக்கவைத்து என்ன லாபம் என்றெல்லாம் பேசினார்கள். பெண்கள் ராசிபுரம்வரை போவது போதாது, சேலத்துக்கே மாதம் தவறாமல் ஆள் போகவேண்டும் என்றேன். யார் போவது என்று கேட்டபோது எல்லோரும் கீழே பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து உன் பெரியப்பா எழுந்தார். இத்தனை வருஷமாக என்னோடு பேசாதவர், என்னைப் பார்க்காமல் அம்மனைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவை நானும் வாரேன். என் காதுல கேட்டுட்டு வந்து நானே சொல்றேன்" என்றார். நான் நகர்ந்து அம்மனுக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டேன்.

ஆகவே சாமி, நீ கொடுத்த வாக்கிலிருந்து உன்னை நான் விடுவித்துவிட்டேன். கேட்காமல் செய்தேன் என்று கோபப்படாதே. உன்மீது நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை. ஊரில் இத்தனை வீட்டு அடுப்பையும் உன் ஒருவன் கையெழுத்தில் கட்டித் தொங்கவிட என் மனசு ஒப்பவில்லை. விலை எழுத முடிந்தால் எழுது. எழுதும்போது எந்தக் கிழமை கேட்டது, யார் வாயிலிருந்து கேட்டது என்று சேர்த்து எழுது. விற்கலாம் என்றும் எழுதாதே, வைத்திருக்கலாம் என்றும் எழுதாதே. தெரியாததைத் தெரியாது என்றே எழுது. முதலாளி எழுத வேண்டாம் என்றால் எழுதாதே, அந்த உப்பைத் தின்னும்வரை அவர் சொல்லுக்கு நீ கட்டுப்பட்டவன். ஆனால் குறைத்து எழுதச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. உன் அப்பா முணுமுணுப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் நாங்கள் கிளம்புகிறோம். இது உன் கைக்கு வந்து சில நாளில் நானும் வெள்ளையம்மாவும் பெரியப்பாவும் செவ்வாய்ப்பேட்டையில் இருப்போம். மற்ற மண்டிகளில் கேட்டுவிட்டுக் கடைசியாக உன் மண்டிக்கு வருவோம். முதலாளி இருப்பார், நல்லமுத்துவே இருந்தாலும் இருப்பார். என்னைக் கண்டதும் எழுந்திருக்காதே. அம்மா என்று கூப்பிடாதே, பெற்றவளுக்குத் தனி விலை சொன்னான் என்று யாரும் பேசக்கூடாது. மிளகு என்ன விலை என்று கேட்பேன். தெருவில் போகிற எந்தப் பெண்ணுக்கும் சொல்வதைப்போல எனக்கும் சொல். பெரியப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பிட்டாயா, தூங்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் நான் அங்கே கேட்கமாட்டேன். நீ விலை சொல்லும் நேரத்துக்குள் உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அதனால் குனிந்து சொல்லாதே கண்ணு, நிமிர்ந்து சொல்.

உன் அம்மா